கீழ்வீட்டுத் தாளம்

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மதாம் வெர்ஷேர் துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையை இடிப்பார். அவருடைய கூரைதான் எனக்குத் தரை. இப்போதெல்லாம் நான் எதையும் வாசிப்பதில்லை. கேட்டால், "முன்னெச்சரிக்கைக்குத்தான் முசியே. உங்கள நம்ப முடியாது" என்கிறார்.

பிரான்சின் லியோன் நகரில், எங்கள் குன்றின் மேலிருக்கும் ரொட்டிக்கடையில் வேலை பார்த்தவர். விடியுமுன் கடை திறந்து, பகலில் தூங்கிப் பழகிய உடம்பு. போன் அடித்தால் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டுதான் எடுப்பார். பூக்காத தொட்டிச் செடியைப் பெயர் சொல்லித் திட்டுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில் நான் பீரோ அளவில் சின்தசைசர் என்ற மின்னிசைக் கருவி ஒன்றை வாங்கினேன். எதிர்காலத்தின் இசையைப் படைப்பதாக நம்பி, பகல் நேரங்களில் இதே வீட்டில் பதிவுசெய்து 'நிலவின் நுரையீரல்' என்று ஓர் இசைத்தட்டு போட்டேன். அட்டையில் வெள்ளி அங்கியில் நான், குளிரில் மூக்கு சிவந்து. வாங்கியவர்கள் பெரும்பாலும் மாமியார் வழி உறவினர். அவர்களும் அதன்பின் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். நேர்மையான விமரிசனம் மதாமுடையதுதான்: "மேல ஃபிரிட்ஜ் சாகக் கெடக்குன்னு நெனச்சேன்."

போன வருடம் பாரிசிலிருந்து ஒரு தாடிக்காரர் அந்தத் தட்டை மறுபதிப்பு போட வந்தார். பழைய ஒலிநாடாவைச் சுத்தம் செய்து எனக்குப் போட்டுக் காட்டினார்.

"அடியில ஏதோ இடிக்கிற சத்தம் சார். எடுத்துட்டேன்."

கேட்டேன். மதாமின் துடைப்பக் கட்டை இடி போனபின் மிஞ்சியது ஃபிரிட்ஜ்தான். அன்று என் விரல்கள் மதாமின் கோபத்துக்கு ஏற்பவே நகர்ந்திருக்கின்றன. மேதை நான் அதைக் கவனிக்கவில்லை.

இடியைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிவிட்டு, கீழே இறங்கிப்போய் விஷயத்தைச் சொன்னேன். மதாம் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அப்போ அதுல நானும் வாசிச்சிருக்கேன்."

"ஆமா மதாம்."

"பேரு போடுவாங்களா?"

"கேட்டுப் பாக்குறேன்."

"கேக்காதீங்க. போடச் சொல்லுங்க."

தாடிக்காரர் முனகிவிட்டு இணங்கினார். புது அட்டையில் 'தாளம்: ஒதெத் வெர்ஷேர்' என்று என் பெயருக்குச் சமமான எழுத்தில் வந்தது. தட்டு வந்த அன்று காப்பி போட்டு, சிவப்புப் பாதாம் மிட்டாய் பதித்த இனிப்பு ரொட்டியை வெட்டிவைத்து என்னை அழைத்தார். முதல் பாட்டு முழுக்கக் கொட்டாவி விட்டார். நான் ஊசியைத் தூக்கப் போனேன்.

"விடுங்க. என் எடம் வரட்டும்."

வந்தது. இரண்டு இடி, கொஞ்சம் தயங்கி இன்னொன்று.

"கடைசி அடி கொஞ்சம் லேட்டு" என்றேன்.

"லேட்டு இல்ல முசியே. யோசிச்சு அடிச்சேன்."

எழுந்துபோய், எல்லா வீட்டாருக்கும் பொதுவான முற்றத்துப் பக்க ஜன்னலை அகலத் திறந்தார். பிறகு ஒலிக் குமிழைக் கடைசிவரை திருகினார்.