தெரிந்தே வாங்கிய கீபோர்டு

என் மனைவியால் வாசிக்க முடியாத ஒரு கீபோர்டை, முடியாது என்று தெரிந்தே, அவளுக்கு வாங்கிக் கொடுத்தேன். வாசிக்க வரவில்லை என்று அவள் சொன்னபோது, குறை அவள் விரல்களில்தான் இருக்கிறது என்று நம்ப வைத்தேன். அறியாமல் செய்த பிழை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. எது அவளுக்குப் பொருந்தும் என்பதை நாள்கணக்கில் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான், பொருந்தாததைத் தேடிப் போனேன்.

கல்லூரியில் தர்க்க சாஸ்திரம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். மயிலாப்பூரில் வீடு. ஒரு சின்னப் பத்திரிகையில் பல வருஷங்களாகக் கச்சேரி விமரிசனம் எழுதி வந்தேன். திட்டு வாங்கியவர்களைத் தவிர வேறு யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. கைபேசியைப் பார்த்துப் பாடுகிறவர்கள், பாட்டுக்கு நடுவே சால்வை போர்த்த மேடையேறும் செயலாளர்கள், தூங்கி எழுந்து 'பேஷ்' போடும் முன்வரிசைக்காரர்கள், எல்லோரையும் ஒரே பேனாவால் குத்தினேன். அதை ரசனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கீபோர்டு என்றால் எனக்கு இன்னும் அதிக இளக்காரம். எங்கள் அடுக்ககத்தில் வீட்டுக்கு வீடு ஒன்று இருக்கிறது. மாலை ஆனால் ஆன்லைன் வகுப்பு. மேல் வீட்டுக் குழந்தை ஒரே மெட்டை ஒரே இடத்தில் ஒரே மாதிரி தப்பாக வாசிக்கும். அலுத்துப்போனால் டெமோ பொத்தானை அமுக்கிவிடும். பெட்டி தானாகவே ஒரு ஆர்ப்பாட்டமான பாட்டை வாசித்து முடிக்க, குழந்தையின் அம்மா உள்ளிருந்து கை தட்டுவாள். அப்புறம் ஒரு பரீட்சை, ஒரு சான்றிதழ், அதற்கு ஒரு கண்ணாடிச் சட்டம். சங்கீதம் என்று அதைச் சொல்ல எனக்கு நா வராது.

அந்த நிலையில்தான் என் மனைவி பியானோ வேண்டும் என்றாள். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த நாட்கள். சின்ன வயதில் சாந்தோம் பக்கம் ஒரு கன்னியாஸ்திரீயிடம் அவள் பியானோ கற்றவள். கல்யாணம் வரைக்கும் விடாமல் வாசித்திருக்கிறாள். எங்கள் வீட்டில் பியானோ இல்லை. நின்றுபோயிற்று. இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை, பிள்ளையின் படிப்பு, என் கச்சேரிகள். அவள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது சும்மா உட்கார்ந்திருக்க நேர்ந்ததும், பெரிய பியானோ வேண்டாம், இப்போதெல்லாம் டிஜிட்டலாக வருகிறதாமே, அது போதும் என்றாள்.

அவள் காலைப் பற்றி விசாரிக்க என் சபா நண்பர் ஒருவர் வந்திருந்தார். அவரை வைத்துக்கொண்டு நான் பிரசங்கம் செய்தேன். இந்த ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாத வாத்தியம் அது, கமகம் கிடையாது, தந்தி ஆபீஸ் மாதிரி டக் டக்கென்று அடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்றெல்லாம் சொன்னேன். கட்டிலில் சாய்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"நேத்திக்குக் கச்சேரியில பாடினாளே, அவளுக்கு என்ன சுருதி?"

"அஞ்சரைக் கட்டை."

"கட்டைன்னா?"

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. "கட்டைன்னா கட்டைதான். ஆர்மோனியத்துல..." என்று சொல்லி நிறுத்தினேன்.

"ஆர்மோனியத்துல இருக்கிற கட்டை. வெள்ளைக் கட்டையும் கறுப்புக் கட்டையும். அதை எண்ணித்தான் உங்க வித்வான்கள் எல்லாரையும் அளந்துண்டிருக்கேள். எனக்கு ஒண்ணு வாங்கினா மட்டும் ஆகாதா?"

நண்பர் காப்பி புரையேறும்படி சிரித்தார். "மாட்டிண்டீரா ஓய்" என்றார். அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த கச்சேரிக்குப் போனபோது தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் "என்ன ஓய், இன்னிக்கு எத்தனை கட்டை?" என்று என்னைக் கேட்டார்கள். பிறத்தியாரை எழுதி எழுதிப் புண்படுத்தியவனுக்கு ஒரு கேலி தாங்கவில்லை. அவ்வளவு மெல்லிய தோல்.

வாங்கித் தருகிறேன் என்றேன். அவளால் நடமாட முடியாததால் நானே போய்ப் பார்ப்பதாகச் சொன்னேன். அதற்கு முன்பு கணினியில் உட்கார்ந்து, எதை வாங்கலாம் என்று சொல்லும் இணையப் பக்கங்களைப் படித்தேன். யார் வாசிக்கப் போகிறார்கள், முன்பு எதில் பழகினார்கள், வீட்டில் எங்கே வைப்பீர்கள் என்று கேட்டுக் கேட்டு வழி சொல்கிறார்கள். நிஜப் பியானோவில் பழகிய கைக்கு எண்பத்தெட்டுக் கட்டை வேண்டும். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் கனம் வேண்டும், விரல் அதை அமிழ்த்தும்போது எதிர்த்துத் தள்ள வேண்டும். மெள்ளத் தொட்டால் மெள்ளக் கேட்க வேண்டும், அழுத்தினால் ஓங்கிக் கேட்க வேண்டும். கால் மிதிக்க ஒரு பெடல் வேண்டும். இவை இல்லாதது விளையாட்டுச் சாமான். எல்லாக் கேள்விக்கும் என் மனைவியை மனதில் வைத்துச் சரியான பதிலைக் கண்டுபிடித்தேன். பிறகு அதைத் தலைகீழாக்கிக்கொண்டு தி. நகருக்குப் போனேன்.

கடைக்காரன் ஒரு பெட்டியில் டெமோவைப் போட்டுவிட்டு, தானே வாசிப்பதுபோல் கைகளை அதன் மேல் ஆட்டினான். வாயில் சூயிங்கம். "ஐநூறு டோன் கீது சார். நாய் கொலைக்கிற சவுண்டுகூட கீது" என்றான். வயசான அம்மாவுக்கு என்றதும் அவனுக்கு இன்னும் உற்சாகம். "அவங்க சும்மா உக்காந்தா போதும் சார், அதுவே வாசிச்சுக்கும்." இப்படி ஒரு பிறவியா என்று நினைத்துக்கொண்டே, அவன் தள்ளிவிட நினைத்த பெட்டியையே வாங்கினேன். அறுபத்தொரு கட்டை, அதுவும் குறுகலான கட்டை. கனம் கிடையாது. எப்படித் தொட்டாலும் ஒரே சத்தம். அவனுக்கு விற்க வேண்டும், எனக்குக் கெடுக்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே பெட்டி பொருந்தியது.

அவள் குளித்து, புடவை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இடது கை கீழே இறங்கிப் போனால் கட்டை தீர்ந்துவிட்டது. ஒரு விரலுக்கு இரண்டு கட்டை அமுங்கின. நிறுத்தினாள், மறுபடி தொடங்கினாள். மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும்.

"மெள்ளத் தொட்டாலும் கத்தறதே" என்றாள்.

"இப்பல்லாம் எல்லாமே இப்படித்தான் வரதாம். பெரிய பெரிய ஆர்ட்டிஸ்டுகள்லாம் இதைத்தான் வாங்கிண்டு போறான்னு கடைக்காரன் சொன்னான். நாற்பது வருஷம் விட்டாச்சு. விரல் சொன்ன பேச்சைக் கேக்குமா?"

அவள் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். நம்பினாள். வீட்டில் சங்கீதம் தெரிந்தவன் நான்தானே.

அதற்குப் பிறகு தினமும் விரல்களுக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொள்வாள். ஒரு ஸ்பாஞ்சுப் பந்தை வாங்கி வரச் சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்து பிசைந்துகொண்டே இருப்பாள். பந்தை வாங்கி வந்ததும் நான்தான். முழங்காலுக்காக அடையாறில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போய்க்கொண்டிருந்தோம். அந்தப் பெண்ணிடம் விரல்களையும் நீட்டினாள். அவள் மடக்கி, நீட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, விரலில் ஒரு குறையும் இல்லை அம்மா என்றாள். திரும்பும்போது ஆட்டோவில் என் மனைவி சொன்னாள்: "அவளுக்குப் பியானோ தெரியாது, பாவம். விரல் போனது எனக்குன்னா தெரியும்." நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு வாக்கியத்தில் முடிந்திருக்க வேண்டியது. அந்த வாக்கியம் வாய்வரைக்கும்கூட வரவில்லை என்பதுதான் உண்மை.

கொஞ்ச நாளில் உட்காருவதை விட்டுவிட்டாள். கீபோர்டின் மேல் மடித்த துணிகள் ஏறின. ஜெயித்த திருப்தி எனக்கு இருந்தது. இல்லை என்று சொன்னால் இவ்வளவு எழுதியதற்கு அர்த்தமில்லை.

பிறகு கோட்டூர்புரத்தில் உறவுக்காரர் வீட்டுக் கிருகப்பிரவேசம். கூடத்தில் பளபளவென்று ஒரு பெரிய பியானோ. அந்த வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. மேலே பூச்சாடி, அதற்கடியில் சரிகைத் துணி. சுவருக்கு எடுப்பாக இருக்கும் என்று வாங்கினார்களாம். நான் மனதுக்குள் விமரிசனம் எழுதத் தொடங்கியபோது, வீட்டுக்காரி என் மனைவியைப் பிடித்துக்கொண்டாள். மாமிக்குத்தான் தெரியுமே, ஒன்று வாசித்தே ஆகவேண்டும் என்றாள். என் மனைவி இரண்டு கைகளையும் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். "எனக்கு விரல் செத்துப்போச்சும்மா. நான் தொட்டா உன் பியானோதான் அழும்" என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கைகள் தலைப்பை விட்டு வெளியே வரவே இல்லை. சாப்பிடப் போகும் வரைக்கும் அவள் கைகளை நான் பார்க்கவில்லை.

அந்தக் கூடத்தில் மிகவும் அற்பமான பொருள் நான்தான்.

அப்போதும் எனக்குத் தோன்றியது, சொல்லாமலே சரிசெய்துவிடலாம் என்பதுதான். நல்லதாக ஒன்றை வாங்கி வைத்துவிட்டால் பழையது தானாக மறைந்துபோகும் என்று கணக்குப் போட்டேன். மர அலமாரி போன்ற உடம்பு, மூன்று பெடல், மூடி எல்லாம் உள்ள உயர்ந்த ரகம். அவள் திருவான்மியூரில் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்த நாளில் வரவழைத்துக் கூடத்தில் வைத்தேன்.

வந்தாள், பார்த்தாள். நின்றபடியே ஒரு கட்டையைத் தொட்டாள். மெல்லத் தொட்டாள், மெல்லக் கேட்டது. அழுத்தினாள், ஓங்கிக் கேட்டது. உட்கார்ந்து வலது கையால் சின்னதாக ஒன்று வாசித்தாள். இடது கையும் சேர்ந்துகொண்டது. தடுமாற்றம் நிறைய இருந்தது, ஆனால் அது பழகிய கையின் தடுமாற்றம். பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பாமலே கேட்டாள்.

"இது இப்படியும் வரும்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"கடைக்காரன் சொன்னான்னேளே."

"அவன் சொல்லலை. நான் சொன்னது."

மூடியை இறக்கிச் சாத்தினாள். "தினம் எண்ணெய் தேச்சுண்டேன். பந்தைப் பிசைஞ்சுண்டு உக்காந்திருந்தேன். எதிர்த்தாப்பல உக்காந்து பேப்பர் படிச்சுண்டிருந்தேளே."

அன்றைக்கு நண்பர் முன்னால் அவள் கேட்டதைப் பற்றி ஏதோ முனகினேன்.

"கட்டையா?" என்று திரும்பினாள். கோபம்கூட இல்லை, நம்ப முடியாத முகம். "அதுக்கா?"

பெட்டியைத் திருப்பி அனுப்பச் சொன்னாள். நல்லதுதானே, இப்போது வாசித்தாயே என்றேன்.

"நல்லதுதான். இதையும் நீங்களேதான் பார்த்து வாங்கியிருக்கேள்."

திருப்பி அனுப்பினேன். கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவளே கடை கடையாகப் போனாள். நான் கூட வருவதாகச் சொன்னபோது, வேண்டாம், ஆட்டோக்காரர் போதும் என்றாள். கடைசியில் அவள் கொண்டுவந்தது பலகை மாதிரி தட்டையான கறுப்புப் பியானோ, மடக்கும் ஸ்டாண்டோடு. எண்பத்தெட்டுக் கட்டை, நல்ல கனம். ஸ்பீக்கர் மட்டம் என்று என் ஆராய்ச்சியில் நான் ஒதுக்கித் தள்ளிய மாடல் அது. அவளுக்கு ஸ்பீக்கர் தேவைப்படவில்லை. பிள்ளையின் பழைய அறையில் வைத்து, கதவைச் சாத்தி, ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வாசிக்கிறாள். முதல் பெட்டியை, தன்னுடையது ரிப்பேராகிக் கிடந்த மேல் வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்கச் சொன்னாள். அதற்கு அது சரியாகப் பொருந்துகிறது.

ஒருநாள் நானும் கேட்கலாமா என்றேன். "எழுதறதுக்கா?" என்றாள். விமரிசனம் எழுதுவதையே விட்டுவிட்டேன். அவளிடம் சொன்னபோது, அது உங்கள் இஷ்டம் என்றாள். பத்திரிகைக்காரர்களும் ஏன் என்று கேட்கவில்லை.

வெளியே எனக்குக் கேட்பது கட்டைகள் அமுங்கும் தொம் தொம் மட்டும்தான். கூடவே தரையில் ஏதோ கரகரவென்று இழுபடும் சத்தம். வழவழப்பான தரையில் பெடல் வழுக்கி வழுக்கிப் போகிறது, அவள் காலால் துழாவி இழுத்துக்கொள்கிறாள் என்று புரிந்தது. முன்பு போலிருந்தால் கடைக்கு ஓடியிருப்பேன். கதவைத் தட்டி, அடியில் ரப்பர் ஒட்டலாமா என்று கேட்டேன். அவள் ஒரு காதை விடுவித்துக்கொண்டு, "எந்த மாதிரி? முதல்ல காட்டுங்கோ" என்றாள். இரண்டு துண்டு கொண்டுவந்து காட்டினேன். விரலால் தேய்த்துப் பார்த்து, சொரசொரப்பானதை எடுத்துக் கொடுத்தாள்.

பியானோவுக்கு அடியில் தவழ்ந்து போய், பெடலைக் கவிழ்த்துத் துடைத்து, ரப்பரை ஒட்டினேன். பசை பிடிக்கும் வரைக்கும் கையால் அமுக்கிக்கொண்டிருந்தேன். ஆயிற்று என்று பெடலை வைத்ததும், நான் எழுந்திருப்பதற்குள் அவள் பாதம் வந்து அதில் உட்கார்ந்தது. வாசிக்கத் தொடங்கிவிட்டாள். தலைக்கு மேலே தொம் தொம் என்று கேட்டது. பாதம் அமிழ்ந்தது, எழுந்தது. பெடல் நகரவில்லை. அவள் ஒரு இடத்தில் நிறுத்தும் வரைக்கும் நான் அப்படியே கீழே உட்கார்ந்திருந்தேன்.