மிஸ்யூ இஞ்சாருங்கோ

செயின்ட்-மிஷேலில் கராஜ் வைத்திருந்த குணரத்தினத்தைத் தெரியாத தமிழன் மொன்றியலில் இருந்தால், அவன் கார் வைத்திருக்காதவனாய் இருக்கவேண்டும். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட மனிதர். காதால் எஞ்சினைப் படித்தவர். கார் தெருமுனையில் திரும்பும்போதே, "பெல்ற் தேஞ்சு போச்சு" என்று உள்ளே இருந்தபடி சொல்லுவார். மூடியைத் திறந்தால் பெல்ற் தேய்ந்துதான் இருக்கும். படித்து வந்தவர்கள் கணினியைச் செருகிப் பார்த்தும் பிடிபடாத கோளாறை, தேத்தண்ணி ஆறுவதற்குள் அவர் பிடித்த கதைகள் நூறு உண்டு. அந்த நூறையும் அவரே சொல்லுவார். சொன்னால் என்ன? செய்தவன் சொல்லாமல் செய்யாதவனா சொல்லுவான்?

அந்த ஆர்.வி. வண்டியும் அப்படித்தான். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற நீட்டு வண்டி. கூரை ஒழுகி, மெத்தைக்குள் எலி குட்டி போட்டுக் கிடந்ததை ஒரு வாடிக்கையாளர் கராஜிலேயே விட்டுவிட்டுப் போனார். ஐந்தாறு வருடத்துக்கு முன்னம் குணரத்தினம் இரண்டு பனிக்காலம் அதோடு கிடந்து கூரையைப் பிரித்து, பலகை மாற்றி, எஞ்சினை இறக்கி ஏற்றி, புது வண்டி வெட்கப்படுகிற மாதிரி ஆக்கினார். யார் கேட்டாலும் ஒரே பதில்தான் சொன்னார்.

"இது எனக்கும் அருமைக்கும். தாதுசாக் போறதுக்கு."

அருமை என்றது அருமைநாதனை. இருவரும் ஒரே வருடம் வந்து இறங்கியவர்கள். நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு நிலக்கீழ் அறையில் ஒரே போர்வையை முறை வைத்துப் போர்த்தியவர்கள். ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில் கோப்பை கழுவியவர்கள். அந்தத் தொட்டிகளுக்கு மேலே ஒரு கலண்டர் தொங்கியது. ஆடி மாதப் படத்தில் சிவப்புக் கூரையோடு ஒரு சின்னக் கடற்கரை ஊர், தண்ணீரில் நீட்டு நீட்டாய்ச் சில கயாக் படகுகள், தூரத்தில் ஒரு திமிங்கிலத்தின் வால். கீழே தாதுசாக் என்று எழுதியிருந்தது. ஆவணி பிறந்தும் அந்தத் தாளை இருவரும் கிழிக்க விடவில்லை.

"போனால் ரெண்டு பேரும் சேர்ந்துதான்ரா போறது" என்றார் குணரத்தினம்.

"ஓம். நீ இல்லாமல் நான் போகமாட்டன்" என்றார் அருமைநாதன், சவர்க்கார நுரைக் கையை நீட்டி.

அது முப்பத்தாறு வருடத்துக்கு முந்திய சத்தியம். குணரத்தினம் அதைக் காத்தார். அறுபதாவது பிறந்தநாளுக்கு மகள் வினோஜா அங்கே ஹோட்டல் எடுத்து வைத்தபோது, "அருமை இல்லாமல் நான் அந்த ஊர் மண்ணை மிதிக்கமாட்டன்" என்று சொல்லி அவளை அழவைத்தார். போகத்தான் நேரம் கிடைக்கவில்லை. கராஜ் என்றால் சும்மாவா. ஒவ்வொரு கோடையிலும், "வாற வருசம், மச்சான்" என்பார். அருமைநாதனும் "ஓம், வாற வருசம்" என்பார். அவர் ஒரு பேக்கரியில் முப்பது வருடம் மா குழைத்த மனிதர், அதிகம் கதைக்காதவர்.

இந்த வருடம் குணரத்தினம் கராஜை விட்டார். ஆவணி மாதம் ஒரு புதன்கிழமை விடிய, ரொக்ஸ்பரோவில் அருமைநாதன் வீட்டு வாசலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி ஹோர்ன் அடித்தார்.

போகும் வழியெல்லாம் குணரத்தினம்தான் கதை. கியூபெக் நகரம் தாண்டி மலைப்பாதை தொடங்கியபோது, பிரேக்கில் காலை வைக்காமல் கியரிலேயே அந்த நீட்டு வண்டியை இறக்கிக் காட்டினார்.

"பாத்தியே? உதெல்லாம் ஒருத்தரும் சொல்லித் தாறேல்லை. கைப்பழக்கம்."

"ஓம்" என்றார் அருமைநாதன். கொஞ்ச நேரம் கழித்து, "உந்தக் கயாக் வேணுமே, மச்சான்? எனக்கு முழங்கால் நோகுது. கரையில நிண்டு பாப்பம்" என்றார்.

"கலண்டரில கரையிலயே நிண்டவங்கள்? வினோஜா ரெண்டு பேருக்கும் பதிஞ்சு விட்டிட்டாள். பேசாமல் வா."

சாகெனே ஆறு வந்து விழுகிற இடத்தில் பாலம் கிடையாது. வாகனங்கள் வரிசையில் நின்று ஒரு தட்டைக் கப்பலில் ஏறி அக்கரை போகவேண்டும்.

"இடப்பக்க வரிசையில நில். அதைத்தான் முதல் ஏத்துவான்" என்றார் அருமைநாதன்.

"உனக்கென்னெண்டு தெரியும்?"

"எங்கயோ வாசிச்சனான்."

அருமைநாதன் பேப்பரில் இராசி பலனைத் தவிர வேறொன்றும் வாசிக்காதவர். ஆனாலும் குணரத்தினம் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நம்பின மனத்துக்குக் கண் தெரியாது.

அடுத்த நாள் காலை கயாக் கொடுக்கிற இடத்துக்கு இறங்கினார்கள். சின்ன வளைகுடா, சரளைக்கல் கரை, மேலே படத்தில் பார்த்த அதே சிவப்புக் கூரை. குணரத்தினத்துக்கு நெஞ்சு நிறைந்து நின்றது. வழிகாட்டி ஹென்றி என்பவர், தாடி வைத்த பெரிய மனிதர், துடுப்புகளை அடுக்கிக்கொண்டு நின்றார். நிமிர்ந்து இவர்களைப் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பாகி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார்.

"பொன்ஜூர், மிஸ்யூ இஞ்சாருங்கோ!"

வணக்கம் ஐயா என்கிறான், யாரை என்று குணரத்தினம் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒருவரும் இல்லை. ஹென்றி வந்து பிடித்தது அருமைநாதனின் கையை.

யாழ்ப்பாணத்துப் பெண்சாதிமார் புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். 'இங்கே பாருங்கோ' என்பதுதான் தேய்ந்து 'இஞ்சாருங்கோ' ஆகி, அடுப்படியிலிருந்து வாசல்வரை கேட்கிற கூப்பாடாய் ஆனது. பெண்சாதியைத் தவிர வேறு யாரும் ஒரு ஆம்பிளையை அப்படிக் கூப்பிடுவதில்லை. ஒரு கியூபெக்காரன் அதை ஒரு மனிதனின் பேர் என்று நினைத்திருக்கிறான் என்றால், ஒரு பெண்சாதி அவன் காதுபட அதைப் பலமுறை சொல்லியிருக்கவேண்டும். அருமைநாதனின் மனைவி சிவநேசம் இறந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது.

"மறக்கக்கூடிய பேரா?" என்று ஹென்றி பிரெஞ்சில் குணரத்தினத்திடம் சொன்னார். "மதாம் கயாக்கில் இருந்து நூறு தரம் கூப்பிட்டா. இஞ்சாருங்கோ அங்கே பார், இஞ்சாருங்கோ மெல்ல. மதாம் எங்கே?"

அருமைநாதன் சரளைக்கல்லைப் பார்த்துக்கொண்டு இரண்டு சொல்லில் பதில் சொன்னார். ஹென்றி தொப்பியைக் கழற்றினார். அந்த இடத்தில் குணரத்தினம் எதைக் கேட்க முடியும்? செத்த பெண்ணுக்குத் தொப்பி கழற்றி நிற்கிறவனுக்கு முன்னால் நின்று சண்டை பிடிக்கலாமா?

ஹென்றி இடுப்பில் மாட்டுகிற ரப்பர் பாவாடை ஒன்றை ஒவ்வொருவருக்கும் தந்தார். கயாக்கின் வாயை மூடித் தண்ணீர் உள்ளே வராமல் தடுக்க. ஆட்களுக்கு அதை மாட்டப் பத்து நிமிடம் பிடித்தது. அருமைநாதன் குனிந்து, இழுத்து, ஒரு நிமிடத்தில் மாட்டி முடித்தார். பிறகு குணரத்தினத்தின் வாரைச் சரிசெய்யக் கையை நீட்டினார்.

"கையை எடு."

இரட்டைக் கயாக்கில் பின்னால் இருக்கிறவர் காலால் சுக்கானை மிதித்துத் திருப்பவேண்டும். பழகியவர் பின்னால் இருக்கட்டும் என்றார் ஹென்றி. ஆக, நாற்பது வருடம் வண்டி ஓட்டிய குணரத்தினம் முன்னால் வெறும் சவாரி. சுக்கான் அருமைநாதன் காலடியில். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் முடியாது.

கரை தூரமாகும்வரை குணரத்தினம் பொறுத்தார்.

"எப்பயடா வந்தனீ?"

பின்னால் துடுப்பு இரண்டு தரம் தண்ணீரில் விழுந்து எழும்பியது.

"மூண்டு வருசம். ஆவணியில."

"அது ரொறொன்ரோத் தேருக்குப் போறம் எண்டல்லோ சொன்னனீ?"

"ஓம்."

"என்ர வண்டியில."

"ஓம்."

தாங்க் நிரப்பி, சில்லுக்குக் காற்றடித்து, சிவநேசம் சாய்ந்து இருக்க ஒரு தலையணையும் வைத்துத் தன் கையால் வண்டித் திறப்பைக் கொடுத்தவர் குணரத்தினம். நோயாளிப் பெண், தேர் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று. அவர் கையால் உயிர் கொடுத்த வண்டி, அவர் வராத ஊருக்கு, அவருக்கு முன்னாலேயே வந்து போயிருக்கிறது. ரொறொன்ரோவும் தாதுசாக்கும் மொன்றியலிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம். மைல் முள்ளைப் பார்த்தும் பிடிக்க முடியவில்லை.

"வந்து எனக்கு விபூதி தந்தனீ. பொட்டலம் கட்டி. அது எந்தக் கோயில் விபூதி?"

கயாக் கொஞ்சம் இடப்பக்கம் வளைந்து, பிறகு நேரானது.

"எங்கட வீட்டுச் சாமித்தட்டில கிடந்தது."

"அந்த விபூதியை நான் எஞ்சினுக்கும் பூசினனான்ரா."

பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை. திரும்பிப் பார்க்க முயன்றார் குணரத்தினம்; கயாக் ஒரு பக்கம் சரிந்தது. "திரும்பாதே!" என்று ஹென்றி தூரத்தில் கத்தினார்.

முன்னால் பார்த்தபடியே குணரத்தினம் சொன்னார்: "சிவநேசம் தங்கச்சிக்கு ஆசை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் மறிச்சிருப்பனே? சத்தியமாவது மண்ணாவது, போட்டு வா எண்டிருப்பன். இல்லாட்டி நானே வண்டியை ஓடிக்கொண்டு வந்திருப்பன்."

"வந்திருப்பாய். அதுதான்."

"என்ன அதுதான்?"

அப்போது ஹென்றி கையை உயர்த்தினார். எல்லோரும் துடுப்பை மடியில் வைத்தார்கள். கறுத்த தண்ணீரில் ஒரு வெள்ளைத் திமிங்கிலத்தின் முதுகு எழும்பி மூச்சு விட்டது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு அதன் குட்டி, சாம்பல் நிறத்தில். முப்பத்தாறு வருடம் காத்திருந்த காட்சி இருபது முப்பது அடித் தூரத்தில் வழுக்கிப் போனது. குணரத்தினத்தின் கண் அதன்மேல்தான் இருந்தது. காது முழுக்கப் பின்னால்.

அருமைநாதன் மெதுவாய்ச் சொன்னார்:

"நேசம்தான் சொன்னவள். குணம் அண்ணைக்குச் சொல்லாதேங்கோ எண்டு. அவர் வந்தால் வழி முழுக்க அவற்ர கதையைத்தான் கேக்கவேணும், ஒருக்கால் நாங்கள் ரெண்டு பேரும் எங்கட கதையைக் கதைச்சுக்கொண்டு போவம் எண்டு. அவளுக்கு அப்ப நாள் எண்ணியாச்சு. நான் என்ன செய்ய?"

வெள்ளை முதுகுகள் தாழ்ந்து போய்விட்டன. மற்றவர்கள் மூச்சை விட்டுச் சிரித்தார்கள்.

சிவநேசம் கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து சனிக்கிழமை தவறாமல் குணரத்தினத்துக்கு அந்த வீட்டில் சாப்பாடு. அவர் கராஜ் கதை சொல்லுவார், அவள் அகப்பையும் கையுமாய் நின்று, "பேந்து என்ன நடந்தது, அண்ணை?" என்று கேட்பாள். தன் பெண்சாதி செல்வமலர்கூட அப்படிக் கேட்டதில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவர் அவர். அத்தனை சனிக்கிழமையும் அவள் எதை நினைத்துக்கொண்டு அப்படிக் கேட்டாள்? உயிரோடு இருந்தால் போய்க் கேட்கலாம். சிநேகிதன் பொய் சொன்னதை உதைத்துக் கேட்கலாம். செத்தவள் உண்மை சொன்னதை யாரிடம் போய்க் கேட்பது?

கரைக்கு வந்து சேர்ந்ததும் ஹென்றி இருவரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார். இன்னும் இரண்டு நாள் நிற்க இடம் பதிந்திருந்தது. குணரத்தினம் நேரே போய் வண்டியை ஸ்டார்ட் செய்தார்.

இனி ஒரு சொல்லும் இவனோடு கதைப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டார். கதைதானே உங்களுக்குப் பாரம்? இந்தா, கதை இல்லை. அனுபவி. கப்பலில் கதைக்கவில்லை. மலை ஏற்றத்தில் ஒரு லொறியை அழகாய் வெட்டி முந்தினார். அதைப் பற்றியும் கதைக்கவில்லை. வாயைக் கட்டிப்போடுவது எஞ்சினைக் கட்டி இறக்குவதைவிடப் பாரமாய் இருந்தது. கியூபெக் நகரத்துக்கு இந்தப் பக்கம் அவருக்குக் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது.

அருமைநாதன் யன்னலால் ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார். இடையில் ஒரு தேவாரத்தை மெல்ல முணுமுணுத்தார். தோடம்பழம் உரித்துப் பாதியை நீட்டினார். குணரத்தினம் வாங்கவில்லை என்றதும் அதையும் தானே தின்றார். துவா-ரிவியேர் நகரம் வரும்போது வாயைத் திறந்தபடி நித்திரை.

மாலை மங்க முன்னம் ரொக்ஸ்பரோவில் வண்டி நின்றது. அருமைநாதன் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். கதவைப் பிடித்தபடி நின்றார்.

"மச்சான், சொல்லாமல் போனது பிழைதான். பொய் சொன்னது அதைவிடப் பிழை. அதுக்கு நீ என்ன சொன்னாலும் கேக்கிறன்."

குணரத்தினம் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனால் ஒண்டு சொல்லவேணும். இண்டைக்கு வந்த மாதிரி ஒரு பயணம் நான் உன்னோட ஒருநாளும் வந்ததில்லை. நல்ல ஆறுதலாய் இருந்தது."

குத்திக் காட்டவில்லை அந்த மனிதர். முகத்தைப் பார்த்தால் தெரிந்தது, மனதார நன்றி சொல்கிறார். அதுதான் குணரத்தினத்துக்குத் தாங்கவில்லை.

"எனக்கு வாயைப் பொத்திக்கொண்டு இருக்கேலாதடா" என்றார், ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீற்றருக்குப் பிறகு முதல் சொல்லாய். "நான் ஒண்டுமில்லாமல் வந்து இவ்வளவும் செய்தவன். அதை உங்களுக்குச் சொல்லாமல் ஆருக்கடா சொல்லுறது?"

"சொல்லு. சனிக்கிழமை வா. வந்து சொல்லு."

"கேப்பியே?"

அருமைநாதன் கொஞ்சம் யோசித்தார். இனிமேல் பொய் சொல்லக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

"வாவன்" என்றார்.

குணரத்தினம் கியரைப் போட்டார்.

அந்தச் சனிக்கிழமை அவர் போகவில்லை. அடுத்ததற்கும் போகவில்லை. இன்றைக்கு ஆறு சனி ஆகிறது. இரண்டு தரம் போன் அடித்தது. பேரைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். செயின்ட்-மிஷேலுக்கும் ரொக்ஸ்பரோவுக்கும் எத்தனை கிலோமீற்றர், எத்தனை சிக்னல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர் குணரத்தினம். அந்த வழியை ஒருமுறையாவது அருமை கார் ஓடிவந்து, தன் வாசலில் நின்று மணி அடிக்கட்டும் என்று இருக்கிறார்.