பறிக்கயிற்றுப் புளிப்பு

1. ஏரியில் இறால் தடவப் போகும் அம்மாவுக்கு வாயில் புளிப்பு நீர் ஏறத் தொடங்கியது.
2. பறியின் கயிறு ஊறிப்போனதால் வரும் புளிப்பு என்று நினைத்துக் கயிற்றை மாற்றினாள்.
3. நிற்கவில்லை. பறியையே மாற்றினாள்.
4. ஒரு நாள் சோறு நெஞ்சிலேயே நின்றது. அதற்குப் பிறகுதான் என்னிடம் சொன்னாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. பழவேற்காட்டில், டச்சுக் கல்லறைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருப் பெண்கள் வலை இல்லாமல், தண்ணீரில் குனிந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவித்தான் இறால் பிடிப்பார்கள். கைகள் வேலையில் இருப்பதால் பறி என்கிற ஓலைக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். வாயில் எது புளித்தாலும் கயிற்றின் மேல்தான் பழி.

நான் பொன்னேரியில் ஒரு மருத்துவமனையில், வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பிரிவில் டெக்னீஷியன். அம்மாவைப் பரிசோதித்த அன்று அவள் என் சுண்டுவிரலை விடவேயில்லை. என் வேலையை வேறொருவர் செய்தார். திரையில் உணவுக்குழாயின் அடியில் சிவந்த கோடுகள் தெரிந்தன. இரைப்பையின் உட்தோல் அங்கங்கே உரிந்திருந்தது.

நீண்ட நாள் மாத்திரை போட வேண்டும் என்றார் டாக்டர். இடுப்பு வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். "வயிறு நிறைய சாப்பிட்டுட்டுக் குனியக் கூடாதும்மா."

அம்மா சிரித்துவிட்டாள். "குனியாம எறா எப்டி சார் தடவறது? அதுவா வந்து பறியில குதிக்குமா?"

வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது. "தண்ணிய உட்டுட்டு நான் இன்னாடி பண்ணுவேன்? ஊட்ல குந்திகினு உன் மூஞ்சியப் பாக்கவா?"

குனிவதை மாற்ற முடியாது, சாப்பாட்டை மாற்றலாம் என்றேன். எழுந்ததும் மாத்திரை, சற்றுக் கழித்து வீட்டில் இரண்டு வாய் கஞ்சி, கரையேறிய பிறகு வயிறார. அம்மா தலையாட்டினாள். ஆனால் முகம் தெளியவில்லை. இறங்குமுன் எல்லோரும் கரையில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். கயிற்றைக் கடித்த பிறகு யாராலும் பேச முடியாது என்பதால் ஊர்க்கதை முழுவதும் அந்தச் சாப்பாட்டில்தான். அது போய்விடும் என்பதுதான் அவள் கவலை.

விடுப்பு நாளில் நானும் கூடப் போனேன். அம்மா தள்ளி நின்று பறியைத் தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அத்தை தூக்குவாளியைத் திறந்துகொண்டே கேட்டாள்.

"இன்னாமே, பொண்ணு டாக்டராயிட்டான்னு எங்க கூட துன்ன மாட்டியா?"

"டாக்டர் இல்ல அத்தே, குழாய் உடறவ" என்றேன்.

"வவுத்துல புண்ணுமே. துன்னுட்டு குனிஞ்சா மேல ஏறுது" என்றாள் அம்மா.

அத்தையின் கை நின்றது. "எனக்குந்தான் ஏறுது."

"உனக்குமா?" என்று இன்னொருத்தி கேட்டாள். அவளுக்கும் ஏறுகிறது என்பது குரலிலேயே தெரிந்தது.

அத்தை வாளியை மூடினாள். "அப்ப ஏறி வந்தே துன்னுவோம். இப்ப சும்மா பேசுவோம். நவுருடி, அக்கா குந்தட்டும்."

அம்மா போய் நடுவில் உட்கார்ந்தாள்.

இன்றைய நிலை இது. அம்மாவின் புண் ஆறிவிட்டது. மாத்திரையின் அளவு குறைந்திருக்கிறது. திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட அதிகமாக ஊறும் என்பதால் டாக்டர் இன்னும் நிறுத்தவில்லை. அத்தை பரிசோதனைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள், வரவில்லை. அம்மா ஏரிக்குப் போகிறாள்.