விசில் அடிக்காத இரண்டு நிமிடம்

எனக்குக் கால்பந்து ஆட வராது. அதனால்தான் நான் ரெஃப்ரி ஆனேன். பந்து என்னைத் தேடி வந்தால், வேறு பக்கம் ஏதோ அவசர வேலை இருப்பதுபோல் நகர்ந்துவிடுவேன். ஆனால் என்னிடம் ஒரு விசிலும் ஒரு கைக்கடிகாரமும் இருந்தன. நீடாமங்கலத்தைச் சுற்றி ஏழெட்டு ஊரில் அந்த இரண்டையும் சேர்த்து வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். விசில் பள்ளிக்கூடத்துடையது. கடிகாரம் மாமனார் போட்டது. அவரைப் போலவே நிதானமானது, நாளைக்கு ஐந்து நிமிடம் பின்தங்கும்.

அப்போது நான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டெம்பரவரி வாத்தியார். நான்கு வருஷமாக டெம்பரவரி. பள்ளிக்கூடம் ஊர் மிராசுதார் குடும்பத்துடையது, நிர்வாகி அந்த வீட்டுப் பிள்ளை. என்னை நிரந்தரமாக்கும் உத்தரவு அவர் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. என் மனைவி இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். கடிதத்துக்குக் கடிதம் ஒரே கேள்விதான் எழுதுவாள்: "ஆர்டர் வந்துச்சா?" நலமா என்று கேட்பதைக்கூட அந்தக் கேள்விக்கு அப்புறம்தான் வைப்பாள்.

ஆட்சி மாறிச் சில வருஷம் ஆகியிருந்தது. நில உச்சவரம்பு, கூலி, குத்தகை என்று டீக்கடையில் பேச்சு ஓயாது. பேச்சு வயலுக்கு இறங்கினால் அடிதடி ஆகும். அந்தத் தை மாதச் சம்பா அறுவடைக்கு எங்கள் ஊர் ஆட்கள் கூலி உயர்த்திக் கேட்டு இறங்க மறுத்தார்கள். மிராசுதார் தரப்பு வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தது. வரப்பில் மறித்தார்கள். அன்று மிராசுதார் ஆட்களிடம் தடியடி பட்டு விழுந்தவர்களில் ஒருவன் எழுந்திருக்கவே இல்லை.

செத்தவனின் தம்பி எங்கள் பக்கத்தின் மிகச் சிறந்த லெஃப்ட் விங்கர். கூலித் தெருப் பையன்கள் சேர்ந்து ஒரு டீம் வைத்திருந்தார்கள். பனியன் முதுகில் மையால் நம்பர் எழுதியிருப்பார்கள், இவன் பதினொன்று. வெறுங்காலோடு ஓடினாலும் பந்து இவன் காலை விட்டு நகராது. அண்ணன் செத்த அன்று சாயங்காலம் அவர்களுக்கு லீக் மேட்ச் இருந்தது. பத்துப் பேர்தான் வந்து நின்றார்கள். "ஒரு ஆள் குறையுதே?" என்று கேட்டேன், எனக்கே தெரிந்த விஷயத்தை. "அவன் வரமாட்டான் சார்" என்றார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன். நாலரை. விசில் அடித்தேன்.

இரண்டு வாரம் கழித்து, ஃபைனலுக்கு முந்தின நாள், நிர்வாகியின் அப்பா, எண்பது தாண்டிய பெரியவர், தூக்கத்திலேயே போய்விட்டார். கூலித் தெருக்காரர்கள் மேலத்தெருச் சாவுக்கு இனிப் பறை அடிப்பதில்லை என்று அதற்கு முன்பே தீர்மானம் போட்டிருந்தார்கள். ஆள் அனுப்பிப் பார்த்தார்கள், மிரட்டிப் பார்த்தார்கள், யாரும் வரவில்லை. கடைசியில் மாயவரத்திலிருந்து பேண்டு செட் வரவழைத்தார்கள். பேண்டுக்காரர்களுக்குக் கல்யாணப் பாட்டுதான் சரளமாக வந்தது. ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம் தள்ளி நின்று.

அந்தச் சிரிப்பு நிர்வாகி காதில் விழாமல் இருக்குமா? ஃபைனல் அன்று மத்தியானம் கூப்பிட்டனுப்பினார்.

"வாத்தியாரே, மேட்ச்சுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் மவுன அஞ்சலி. அப்பா பேரைச் சொல்லி மைக்ல அறிவிக்கச் சொல்லியிருக்கேன். எல்லாரும் நிக்கணும். நீங்கதான் டைம் பாத்து விசில் அடிக்கணும்."

"சரிங்க ஐயா."

"எல்லாரும்னு சொன்னேன். பறை அடிக்க மாட்டேன்னவன்லாம் வாயத் தொறக்காம நிக்கட்டும், பாப்போம்."

எழுந்து நின்று மவுனம் காப்பது கட்சிக் கூட்டங்கள் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம். கூட்டத்தில் எல்லாரும் ஒரு கட்சி, செத்தவரும் அதே கட்சி, சிக்கல் இல்லை. கால்பந்து மைதானத்தில் அப்படியா? ஒரு கோல் விழுந்தால் பாதிப் பேர் குதிப்பார்கள், பாதிப் பேர் நடுவரின் பிறப்பைப் பற்றிப் பேசுவார்கள். அப்படிப்பட்ட கூட்டத்தை ஒரே துக்கத்தில் நிறுத்தலாம் என்று யாருக்குத் தோன்றியதோ! அன்று நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை. கூலித் தெருவிலிருந்து ஒரு குரல், ஒரே ஒரு கெட்ட வார்த்தை வந்தால் போதும், ரத்தம் விழும் என்பதும், ரத்தம் விழும் இடத்தில் கையில் விசிலோடு நடுவில் நிற்பவன் நான் என்பதும்தான் என் கவலை. சாப்பிட்ட தயிர்சாதம் உள்ளேயே லெஃப்ட் விங், ரைட் விங் என்று ஓடியது.

ஃபைனலுக்கு வந்திருந்த கூலித் தெரு டீமுக்குக் கூத்தாநல்லூர் டீம்தான் எதிர் டீம். கடைக்காரர்கள், சிங்கப்பூர் போய் வந்தவர்களின் பிள்ளைகள். பதினொரு பேரில் ஆறு பேர் காலில் பூட்ஸ் இருந்தது. கூலித் தெருப் பையன்கள் காலில் சேறுகூட இல்லை, மாசி வெயிலில் வயல் காய்ந்திருந்தது. பெஞ்சில் நிர்வாகி கட்சிக்காரர்கள் நாலைந்து பேரோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு போலீஸ்காரர்கள் சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள். மேற்குப் பக்கம் முழுக்கக் கூலித் தெரு.

நடுக்கோட்டுக்கு நான் போகும்போது பதினொன்று பக்கத்தில் வந்தான். மொட்டை அடித்த தலையில் முடி நெல் நாற்றுப்போல் துளிர்த்திருந்தது.

"சார், எங்க அண்ணன் செத்தன்னைக்கு நாலரைக்கு விசில் அடிச்சீங்களாமே?"

"ஆமாப்பா... டைம் ஆயிடுச்சு..."

"டைம் ஆனா அடிக்கத்தான சார் செய்யணும்."

"இப்ப என்னை என்ன பண்ணச் சொல்ற தம்பி?"

"ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா ஞாபகப்படுத்துனேன்."

போய் அவன் இடத்தில் நின்றுகொண்டான். சண்டை போட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மைக்கில் பெரியவர் பெயரைப் பட்டங்களோடு வாசித்தார்கள். நான் விசில் அடித்தேன். மவுனம்.

மைதானம் அடங்கியது. இத்தனை சத்தம் இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தது என்று தோன்றும்படி எல்லாம் கேட்டது. வாய்க்காலில் தண்ணீர் மதகில் இடறுவது, ஒரு ஆடு, போலீஸ்காரர் ஒருவர் சுண்டலை மெல்லுவது. மேற்குப் பக்கம் பார்க்கத் துணிவு வரவில்லை. கடிகார முள்ளையே பார்த்தேன். அரை நிமிடம். ஒரு நிமிடம். யாரோ இருமினான். ஒன்றரை. மெல்லத் தலை தூக்கினேன். மேற்குப் பக்கம் எல்லாரும் நின்றிருந்தார்கள். ஒருவனும் வாய் திறக்கவில்லை. பதினொன்று தரையைப் பார்த்தபடி நின்றிருந்தான்.

இரண்டு நிமிடம் ஆனது. விசில் உதட்டில்தான் இருந்தது. நான் ஊதவில்லை.

இதை எப்படிச் சொன்னாலும் வீரம்போல் ஆகிவிடும், அதனால் உள்ளபடியே சொல்கிறேன். ஊதப் போனேன், நாலரை என்ற சொல் குறுக்கே வந்து நின்றது. மைதானத்தில் கடிகாரம் கட்டியவன் நான் ஒருவன். இரண்டு நிமிடம் எப்போது முடிகிறது என்பது என் ஒருவனுக்குத்தான் தெரியும். பெரியவருக்கு இரண்டு ஆயிற்று, அடுத்த இரண்டு பதினொன்றின் அண்ணனுக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். யாருக்கும் தெரியாது, யாருக்கும் நஷ்டமில்லை, என் வேலைக்கும் பழுதில்லை. இவ்வளவு மலிவாக ஒரு நியாயத்தை யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். உள்ளே ஒரு கள்ளச் சந்தோஷம், பரீட்சையில் பிட் அடிப்பவனுக்கு வருமே, அது.

மூன்றரை நிமிடத்தில் பெஞ்சைப் பார்த்தேன். நிர்வாகி முழுக்கைச் சட்டையின் விளிம்பை விலக்கினார். உள்ளே தங்கச் செயின் போட்ட கடிகாரம் மின்னியது. அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான்கு நிமிடத்தை எப்படி முடித்தேன், மேட்ச் எப்படி நடந்தது, எனக்குத் தெரியாது. கூத்தாநல்லூர் இரண்டுக்கு ஒன்று ஜெயித்தது என்று மறுநாள் கேள்விப்பட்டேன். ஸ்கோர் எழுதியதே நான்தானாம்.

மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. மனைவிக்கு மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். நான்காம் நாள் பியூன் வகுப்பு வாசலில் வந்து நின்றான். "ஐயா கூப்பிடுறாருங்க." பையன்களைப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லச் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வருவேனா என்ற சந்தேகத்தில் சாக்பீஸைக்கூட மேசையில் ஒழுங்காக வைத்தேன்.

"உக்காருங்க வாத்தியாரே. அன்னைக்கு நான் சொன்னது ரெண்டு நிமிஷம்தானே?"

"ஆமாங்க ஐயா. என் வாட்சு... அது கொஞ்சம்..."

"நாலு நிமிஷம் நிறுத்துனீங்க. நான் பாத்தேன்."

நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டேன்.

"அவனுங்கள நாலு நிமிஷம் அசையாம நிக்க வெச்சிட்டீங்களே! அப்பா மேல உங்களுக்கு இவ்வளவு மரியாதைன்னு எனக்குத் தெரியாமப் போச்சு." அவர் குரல் தழுதழுத்தது. மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தார், கையெழுத்துப் போட்டார், நீட்டினார். ஆர்டர்.

சொல்லியிருக்கலாம். வாய்கூடத் திறந்தது. "ரொம்ப நன்றிங்க ஐயா" என்று வெளியே வந்தது.

ஆர்டரைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு சாயங்காலம் வாய்க்கால் கரையோரம் போனேன். பதினொன்று மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். முதல் இரண்டு, அடுத்த இரண்டு, எல்லாம். மாட்டின் முதுகைத் தேய்ப்பதை அவன் நிறுத்தவில்லை.

"அப்ப எங்க அண்ணனுக்கு ரெண்டு நிமிஷம் குடுத்தீங்க."

"ஆமாப்பா."

"அத வாங்கிப் பெரியவருக்குப் போட்டுட்டாங்க."

சட்டைப் பையை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"உங்களுக்கு ஆர்டரும் போட்டுட்டாங்க." சிரித்தான். கோபச் சிரிப்பாக இருந்தால் தாங்கியிருப்பேன், நிஜமாகவே சிரிப்பு வந்து சிரித்தான். "எங்க தெருவுல ஒருத்தன் செத்தா அழுவோம், பறை அடிப்போம், ஆடுவோம் சார். இன்னான் செத்தான்னு பக்கத்து ஊருக்குக் கேக்கணும். நீங்க மனசுக்குள்ள சொன்னது யாருக்கு சார் கேட்டுச்சு?"

"தப்புதான்."

"வர்ற ஞாயித்துக்கெழம நீடாமங்கலத்துல எங்களுக்கு மேட்ச்சு. நீங்கதான ரெஃப்ரி? பேரச் சொல்லுங்க. நாலு நிமிஷம் வேணாம், அர நிமிஷம் போதும். மைக்ல சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமைவரை எனக்கு இரண்டு முறை காய்ச்சல் வந்தது. இரண்டும் நானே வரவழைத்தவை, இரண்டும் நிலைக்கவில்லை. நீடாமங்கலம் நிர்வாகியின் ஊர் இல்லைதான். ஆனால் அவர் சம்பந்தி வீடு அங்கே, ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில். மைதானத்தில் வெள்ளை வேட்டி எல்லாம் எனக்கு அந்தச் சம்பந்தியாகவே தெரிந்தது. பந்தாட்டம் பார்க்கப் பெண்கள் வருவதில்லை. அன்று கார்னர் கொடிக்குப் பக்கத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் செத்தவன் மனைவி.

மைக் செட்டுக்காரர் பாட்டை நிறுத்தினார். மைக்கைப் பிடித்தேன். முதலில் என் மூச்சுதான் ஊர் முழுக்கக் கேட்டது. பெயரைச் சொன்னேன், தகப்பன் பெயரையும் ஊரையும் சொன்னேன். "...அண்மையில் காலமான அவருக்கு..."

"காலமாவல!"

கார்னர் கொடியருகே அவள் எழுந்து நின்றிருந்தாள். "காலமாவல சார்! வரப்புல அடிச்சிக் கொன்னாங்க! சரியாச் சொல்லுங்க!"

மைதானம் முழுக்க என்னைப் பார்த்தது. வெள்ளை வேட்டிகளும் பார்த்தன. ஆர்டர் இன்னும் சட்டைப் பையில்தான் இருந்தது, வீட்டில் வைத்தால் காணாமல் போகும் என்று சுமந்துகொண்டே திரிந்தேன். மறுபடி மைக்கை வாயருகே கொண்டுபோனேன். அடித்துக் கொல்லப்பட்ட என்று சொன்னேன். துணிச்சல் என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். அந்த நேரத்தில் நிர்வாகியைவிட அவள் பார்வை எனக்குப் பயமாக இருந்தது.

அரை நிமிட மவுனம் நடக்கவே இல்லை. அவள் ஓவென்று அழ, மற்றப் பெண்கள் சேர்ந்துகொள்ள, ஒப்பாரி மைதானத்தின் குறுக்கே வந்தது. அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் மவுனமாக எழுந்து நின்றார்கள். ஒரு பாதி நின்றது, ஒரு பாதி அழுதது. ரெஃப்ரிக்கு இதற்கெல்லாம் விதி எழுதித் தரவில்லை. பதினொன்று பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு தோளை உயர்த்தி முகத்தைத் துடைத்தான். அவள் உட்காரும்வரை நான் விசிலைத் தொடவில்லை.

அஞ்சலி செலுத்தலாமா வேண்டாமா என்று இப்போது யாராவது கேட்டால், செலுத்துங்கள் என்றுதான் சொல்வேன். பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள், எப்படிச் செத்தான் என்பதையும் சொல்லுங்கள். அதற்கப்புறம் கூட்டம் வாயை மூடுகிறதா, திறக்கிறதா என்பது கூட்டத்தின் பாடு.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனேன். நிர்வாகி கூப்பிடவில்லை. செவ்வாயும் கூப்பிடவில்லை. அடுத்த வருஷக் கோப்பைக்குத் திருவாரூரிலிருந்து வேறு ரெஃப்ரியை வரவழைத்தார்கள், அதனால் அவருக்கு விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது என்று தெரிந்தது. ஆனால் கூப்பிடவே இல்லை. பியூன் எப்போது வகுப்பு வாசலில் வந்து நின்றாலும், சுற்றறிக்கையோ சத்துணவுக் கணக்கோ எதுவானாலும், அது நிர்வாகியின் அழைப்பாகவே எனக்குத் தோன்றும். சாக்பீஸை மேசையில் ஒழுங்காக வைத்துவிட்டுத்தான் "என்னப்பா?" என்று கேட்பேன். இருபத்தெட்டு வருஷம் அப்படித்தான் கேட்டேன்.