செல்லப்பாக்கியம் திறந்த கதவு

என் அம்மா செல்லப்பாக்கியம் தம்பியைக் கொன்றவர். நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். அதுவும் மார்க்கெட்டில் மீன் விலை கேட்கிற குரலில் சொல்வார். ஒன்பது வயதில், தான் திறந்துவிட்ட கதவு வழியாகப் போய்த்தான் மூன்று வயதுத் தம்பி தண்ணீரில் விழுந்து செத்தான் என்று அவருக்கு நினைப்பு. இப்போது அறுபத்துமூன்று வயது. ஒரு நாள்கூட அந்த நினைப்பை இறக்கி வைத்ததில்லை.

போன ஆண்டு அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் செய்யவேண்டும், செய்யாவிட்டால் சில மாதங்கள்தான் என்று டாக்டர் சொன்னார். "வேணாம் டாக்டர்" என்று அம்மா எழுந்துகொண்டார். தெப்ராவில் எங்கள் வீடு வந்து சேரும்வரை காரில் நான் கத்திக்கொண்டே வந்தேன்.

"அடம் பிடிக்கிறதுக்கு ஒரு அளவு இல்லையாம்மா? என்னை நினைச்சுப் பாத்தீங்களா?"

"அவனுக்கு மூணு வருஷந்தான் கிடைச்சுது, குமாரி. எனக்கு அறுவத்திரெண்டு கிடைச்சுட்டுது. இன்னும் கேட்டா நல்லாருக்குமா?"

எனக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. விடியுமுன் எழுந்து, எல்லைப் பாலத்தைக் கடந்து, சிங்கப்பூரில் ஒரு கிளினிக்கில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் கதவைத் திறக்க இருப்பவர் அவர் ஒருவர்தான். அவரையும் செத்துப்போன ஒரு குழந்தை இழுத்துக்கொண்டு போகிறது என்றால் வயிறு எரியாதா?

நடந்தது பெக்கான் நானாஸில், 1971 ஆகஸ்டில். தாத்தா அரசாங்கக் குமாஸ்தா. குவார்ட்டர்ஸ் வீட்டுக்குப் பின்னால் அன்னாசித் தோட்டத்துக்கு வெட்டிய பெரிய வாய்க்கால் ஓடியது. அந்தப் பக்கத்தில் அதைப் பாரிட் என்பார்கள். தண்ணீர் பால் விடாத கோப்பி ஓ நிறத்தில் இருக்கும், கையை விட்டால் விரல் தெரியாது. கடைக்குட்டி விஜயேந்திரன் பின்கதவு வழியாகப் போய் அதில் விழுந்துவிட்டான்.

சின்னப் பிள்ளைக்குத் திவசம் கிடையாது என்று ஐயர் சொல்லிவிட்டதால், ஆண்டுதோறும் அந்தத் தேதியில் ஒரு படையல் மட்டும் போடுவார்கள். உயிரோடு இருக்கையில் எடுத்த படம் ஒன்றுகூட அவனுக்கு இல்லை. குத்துவிளக்குக்கு முன்னால் வடை, பாயசம், ஒரு தட்டு பிஸ்கட். சாப்பிட்டு முடித்ததும் தாத்தா பிள்ளைகளை உட்கார வைத்து நடந்ததைச் சொல்வார். கேட்டால் தண்ணீர்ப் பக்கம் போகமாட்டார்கள் என்பது அவர் எண்ணம். அவர் போன பிறகு அந்த வேலையை என் பெரிய மாமா கனகசுந்தரம் எடுத்துக்கொண்டார். அம்மாவுக்கு ஐந்து வயது மூத்தவர். மனுஷன் நன்றாகப் பேசுவார், அதுதான் வினையாகப் போயிற்று.

"வெளிய ஐஸ்கிரீம்காரன் மணியடிக்கிறான். உங்க அத்தை கொக்கியை எடுத்துட்டு ஓடுறா. தம்பி பின்னாலயே போறான்" என்பார் மாமா. அம்மா வடைத் தட்டைக் கையில் பிடித்தபடி சுவரோரமாக நிற்பார். எல்லாரும் அவரை ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார்கள். "ஆமா. நான்தான்" என்பார். ஒவ்வோர் ஆண்டும் இதே கூத்து. என் சித்திகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், பிறகு பாயசம் இன்னொரு கிண்ணம் வரும்.

எனக்கு ஏழு வயதில் கேட்டபோது அந்தக் கதையில் ஐஸ்கிரீம்காரன் இருந்ததாக நினைவில்லை. கதவு திறந்து கிடந்தது, அவ்வளவுதான். மணிச்சத்தம் பிறகு வந்தது, கொக்கி அதற்கும் பிறகு வந்தது. என் நினைவையும் முழுதாக நம்பச் சொல்லமாட்டேன். மிஞ்சிப்போன குழம்பைத் தினமும் சுடவைக்கிற வீடு எங்கள் வீடு. மூன்றாம் நாள் அதில் யார் உப்புப் போட்டார், யார் தண்ணீர் ஊற்றினார் என்று யாருக்குத் தெரியும்? நினைவும் அப்படித்தானாம், எடுத்துச் சொல்லும்போதெல்லாம் மாறித்தான் உள்ளே போகுமாம். கிளினிக்கில் டாக்டர் ஒருத்தர் சொன்னார்.

ஆனால் அம்மா சொல்லும் ஒரு காட்சி மட்டும் மாறவே மாறாது. கொக்கியை எடுத்துவிட்டுத் திரும்புகிறார். தம்பி நிற்கிறான். கையில் பாதி கடித்த பிஸ்கட். வெயில் படுவதால் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரிக்கிறான். முன்பல் ஓரம் உடைந்திருக்கிறது. "அந்தச் சிரிப்பு அப்படியே இருக்குடி" என்பார். சவப்பெட்டியோடு குடும்பமாகப் படம் எடுத்ததும் அவருக்கு நினைவிருக்கிறது. தலைமாட்டில் பெட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். தாத்தா அவர் தோளில் கை வைத்திருந்தாராம். அந்தப் படத்தைப் பார்க்கச் சகிக்காமல் பாட்டி கிழித்துப் போட்டுவிட்டதால் நாங்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை.

அம்மா டயாலிசிஸ் வேண்டாமென்று சொல்லி இரண்டு வாரம் இருக்கும். ஆயர் ஈத்தாமிலிருந்து ரூபேந்திரன் மாமா வந்தார். பாட்டியின் தங்கை மகன், அம்மாவுக்கு இரண்டு வயது இளையவர். அவருடைய தாயார் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அலமாரியை ஒழித்தபோது கிடைத்த ஒரு கவரைக் கொண்டுவந்திருந்தார். அம்மா அப்போது உள்ளே படுத்திருந்தார்.

கவருக்குள் அந்தப் படம்! பாட்டியின் தங்கைக்குத் தாத்தா அனுப்பிய பிரதி. சின்னப் பெட்டி. பெட்டிக்குள் கண்மூடிய முகம், பாதிக்குமேல் பூ. சுற்றிலும் சொந்தக்காரர்கள். தலைமாட்டில் பெட்டி விளிம்பைப் பிடித்து நிற்கும் பிள்ளையின் தோளில் தாத்தா கை வைத்திருக்கிறார். அந்தப் பிள்ளை அரைக்கால் சட்டை போட்ட பதினான்கு வயது கனகசுந்தரம். மூன்று தரம் தேடினேன். அம்மா படத்தில் இல்லை.

பின்பக்கம் தாத்தாவின் கையெழுத்து. "செல்லம் படத்தில் இல்லை. அம்மை இறங்கும்வரை உன்னிடமே இருக்கட்டும். சாவு வீட்டுக்குக் கூட்டி வராதே. தம்பி போனதை இப்போதைக்கு அவளுக்குச் சொல்லவேண்டாம்."

"அக்கா எங்க வீட்டுலதானே இருந்துச்சு!" என்றார் ரூபேந்திரன் மாமா. "அம்மை போட்டு மூணு வாரம் கொசுவலைக்குள்ள படுத்திருந்துச்சு. எனக்கு அம்மை முன்னாடியே வந்துட்டதால என்னை மட்டும் பக்கத்துல விடுவாங்க. இந்தக் கவர் வந்தப்ப எங்கம்மா அடுப்படியில அழுதாங்க. கேட்டா, பொகைன்னாங்க."

"இதை ஏன் மாமா இத்தனை வருஷமா சொல்லல?"

"அலமாக்! உங்க படையலுக்கு நான் எங்க வந்தேன்? அக்கா இப்படி நினைச்சுக்கிட்டு இருக்குன்னே எனக்குத் தெரியாது லா."

அம்மாவிடம் காட்டுமுன் பெரிய மாமாவை ஒரு கை பார்த்துவிட்டு வரவேண்டும் என்று எனக்கு ஆத்திரம். மறுநாளே லீவு போட்டுவிட்டு, அவர் இன்னும் இருக்கும் பெக்கான் நானாஸ் போனேன். படத்தை அவர் மடியில் போட்டு, "இதுல எங்கம்மா எங்க இருக்காங்க, காட்டுங்க" என்றேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தேடாமலே தலைமாட்டில் விரலை வைத்தார். விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"இது நான்" என்றார்.

"பின்னால படிங்க."

படித்தார். திரும்பவும் படித்தார். "அவ இருந்தா, பிள்ளை. அவ கொக்கியை எடுத்ததை நான் என் கண்ணால பாத்தேன்."

"எப்படிப் பாப்பீங்க? எங்கம்மா ஆயர் ஈத்தாம்ல வேப்பிலையில படுத்திருந்தாங்க!"

படத்தை மடியில் கவிழ்த்து வைத்தார். பிறகு மெதுவாக வந்தது. அம்மை இறங்கி அம்மா வீடு திரும்பியதும் பாட்டி அவரைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாராம். 'நீ இருந்தால் போவானா, கதவைக் காக்காமல் போனாயே' என்று நாள் தவறாமல் அழுகையாம். ஒப்பாரியில் அப்படித்தானே பாடுவார்கள், வீட்டில் இல்லாதவரைக் கேட்பார்கள், செத்தவரைக்கூடக் கேட்பார்கள். கேட்கிற பெரியவர்களுக்கு அது புரியும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என்ன புரியும்?

"ஒரு வருஷம் போயிருக்கும். எங்கிட்ட வந்து அழுதா. அண்ணை, கதவை நான்தான் திறந்து விட்டுட்டேன்னா."

"நீங்க இல்லைன்னு சொல்லலையா?"

"சொல்லலை." மாமா கண்ணாடியைக் கழற்றினார். "அன்னிக்கு வீட்டுல இருந்த ஒரே பெரிய பிள்ளை நான். ஒரு வருஷமா எல்லாரும் என்னையேதான் பாத்தாங்க. அவ அப்படிச் சொன்னதும்தான் எனக்கு மூச்சே வந்துது. அப்பா அம்மா இருந்தவரைக்கும் இதை யாரும் வெளிய எடுக்கலை."

"அப்ப கதவைத் திறந்தது நீங்களா?"

"தெரியலை, பிள்ளை. சாமி சத்தியமா தெரியலை. நினைச்சுப் பாத்தா அவதான் கண்ணுல வர்றா."

அறுபத்தேழு வயது மனுஷன் என் முன்னால் தேம்பித் தேம்பி அழுதார். பொய்யும் சொல்லவில்லை, நடிக்கவும் இல்லை. அதற்காக நான் விட்டுவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். வாயில் வந்தபடி ஏசினேன். இனி அந்தக் கதையை எடுத்தால் படையல் வீட்டிலேயே மானத்தை வாங்குவேன் என்று சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினேன்.

வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பாட்டுக்கூட முணுமுணுத்தேன். அம்மா பிழைத்துவிடுவார், இனி வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு காரணமும் இல்லை என்று நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவை உட்காரவைத்துப் படத்தைக் கொடுத்தேன். எழுத்தைப் படித்துக் காட்டினேன். ரூபேந்திரன் மாமா சொன்னதைச் சொன்னேன். "நீங்க யாரையும் கொல்லலைம்மா. நீங்க அங்க இல்லவே இல்லை" என்றேன்.

அழுவார், என்னைக் கட்டிக்கொள்வார் என்று காத்திருந்தேன். அம்மா கன்னத்தில் இருந்த அம்மைத் தழும்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அப்ப அவன் திரும்பிப் பாத்தது?" என்றார்.

"எதும்மா?"

"பிஸ்கட் வெச்சிருந்தானே. வெயில் கண்ணுல பட்டு..."

"அது மாமா சொல்லிச் சொல்லி, நீங்களா நினைச்சுக்கிட்டதும்மா."

"பல்லு உடைஞ்சிருந்துச்சே குமாரி."

அம்மா படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பெட்டிக்குள் பார்த்தார். பூவுக்கு நடுவில் ஒரு மூக்கு, மூடிய இரண்டு இமை. யார் பிள்ளையாக வேண்டுமானாலும் இருக்கலாம் அது.

"மூணு வருஷம் தூக்கி வளத்தேன்னு சொல்வாங்க. சோறு ஊட்டியிருப்பேன். சண்டை போட்டிருப்பேன். ஒண்ணும் வரமாட்டேங்குது. அதை ஒண்ணைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் பாத்துக்கிட்டு இருந்தேன். அதுவும் இல்லைன்னா, அவன் முகம் எனக்கு வேற எங்கடி இருக்கு?"

அன்று அம்மா சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. பகல் முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருப்பார்; தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். கால் வீங்கி, செருப்பு ஏறாமல் போயிற்று. படுத்தால் மூச்சு முட்டியது. நல்லது செய்கிறேன் என்று போய் என்ன காரியம் செய்துவிட்டேன்! குற்றத்தை மட்டும் பிடுங்கிவிடலாம் என்று நினைத்தேன். பிள்ளையும் அதோடு சேர்ந்து வந்துவிட்டான்.

ஐந்தாம் நாள் நான் வேலையிலிருந்து வந்ததும் அம்மா கூப்பிட்டார்.

"டயாலிசிஸுக்கு வர்றேன்" என்றார். "நாலு மணி நேரம் படுத்திருக்கணுமாமே?"

"ஆமாம்மா. நான் கூடவே இருப்பேன்."

"சும்மா இருக்காத. அதைச் சொல்லு. நான் கதவைத் திறந்ததை."

"அது நடக்கலைம்மா. உங்களுக்கே தெரியுமே."

"தெரியும். நானா நினைச்சா வரமாட்டேங்குது. அண்ணை சொல்றப்பல்லாம் வந்தான். நீதான் அவரைச் சொல்லவேணாம்னு ஏசிட்டு வந்துட்டியாமே, போன்ல சொன்னார். அப்ப நீ சொல்லு. சொல்றதா இருந்தா வர்றேன், இல்லாட்டி விட்டுடு."

தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

முதல் நாள் குழாயைப் பொருத்தி இயந்திரத்தை ஓடவிட்டதும் நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு என் பக்கம் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன்.

"வெளிய ஐஸ்கிரீம்காரன் மணியடிக்கிறான்" என்று ஆரம்பித்தேன். மாமாவின் குரல் என் வாயில் வந்தது. "நீங்க கொக்கியை எடுக்கிறீங்க. அவன் பின்னாலயே வர்றான். நீங்க திரும்பிப் பாக்கிறீங்க."

"வரலை" என்றார் அம்மா. மூடிய இமைக்குள் கண் அலைந்தது. "மங்கலா இருக்கு. என்ன சட்டை போட்டிருக்கான்?"

எனக்கு எப்படித் தெரியும்? மாமா ஒரு தடவைகூடச் சட்டையைச் சொன்னதில்லை. அம்மாவின் விரல் என் கையை இறுக்கியது.

"மஞ்சள் சட்டைம்மா" என்றேன்.

அம்மாவின் முகம் மெல்ல இளகியது.

"ஆமா, மஞ்சள்தான்" என்றார். "காலையில நான்தான் போட்டுவிட்டேன்."