மூன்று விம்மலும் ஒரு துளிப் பாலும்

இன்று காலை வகுப்பில் இரண்டு இசைக்கவைகளைத் தட்டி மேசைமேல் நிறுத்தினேன். ஒன்றுக்கு மட்டும் சுருதி இம்மியளவு வேறு. இரண்டும் சேர்ந்து ஒலித்தபோது ஊம்... ஊம்... என்று சத்தம் ஏறி இறங்கியது. பிள்ளைகள் சிரித்தார்கள். கடைசி பெஞ்சில் ஒருத்தி மட்டும் சிரிக்காமல், "டீச்சர், இதுல எது சரி, எது தப்பு?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை என்னையே கேட்டுக்கொள்ளத் தோன்றாமல்தான், இங்கே ஜப்பான்காரர்கள் ஆண்ட காலத்தில் நான் ஓர் ஆர்மோனியத்தைக் கெடுத்தேன்.

மூவாரில் எங்கள் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். பாதி படித்த பௌதிகப் புத்தகத்தோடு, எங்கள் வீடிருந்த சாஆ ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பினேன். படிப்பு நின்றுபோனவளுக்குக் கை சும்மா இருக்குமா? கிணற்றின் ஆழத்தைக் கல் போட்டுக் கணக்கிட்டேன். இடிச் சத்தத்தை எண்ணி மழை எத்தனை தூரம் என்று சொன்னேன். இரண்டு முறை நனைந்தேன்.

அந்தத் தீபாவளிக்கு நாடகம் போட ஜப்பானிய அதிகாரி அனுமதி கொடுத்தார். அந்த ஒரு நாள்தான், அதுவும் வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். அது பெரிய கஷ்டமில்லை. கடிகாரமெல்லாம் டோக்கியோ நேரத்தில் ஓடியதால் ஏழு மணிக்கும் வெயில் அடித்தது. ஆர்மோனியம் என் அண்ணன். சபையில் அவன் வாசிக்கப்போவது அதுதான் முதல் தடவை. பெட்டி, டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த காதர் பாயுடையது. அரிசி கிடைக்காமல் கடையை மூடியிருந்தார். "நாகப்பட்டினத்துலேர்ந்து வந்த பொட்டி தங்கச்சி. இப்ப கப்பலும் வராது லா. பாத்துக்குங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

ஒரு கட்டையை அழுத்தினால் இரண்டு ரீடு, அதாவது இரண்டு பித்தளை நாக்கு, சேர்ந்து பேசும் பெட்டி அது. நடுவில் ஒரு கட்டை மட்டும் விம்மியது. அண்ணன் முகம் சுளித்தான். எனக்கோ உடம்பெல்லாம் புல்லரித்தது. புத்தகத்தில் படம் போட்டிருந்த அதே சங்கதி! கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து எண்ணினேன். விநாடிக்கு மூன்று விம்மல். அப்படியென்றால் இரண்டு ரீடுக்கும் மூன்று அதிர்வு வித்தியாசம்.

இரண்டில் ஒரு ரீடு கறுத்துக் கிடந்தது. கிழட்டு ரீடு தளர்ந்து சுருதி இறங்கித்தான் போயிருக்கும் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும். சவர பிளேடால் சுரண்டினேன். மாட்டி அழுத்தினால் விம்மல் ஐந்து.

அதாவது, அது ஏற்கெனவே ஏறியிருந்த ரீடு. எத்தனை வித்தியாசம் என்று விம்மல் சொல்லும். எந்தப் பக்கம் என்று சொல்லாது. சுரண்டிய பித்தளையை ஒட்டவைக்கவும் முடியாது, மறுபடி பிளேடை எடுக்கவும் துணிவில்லை. நாடகத்துக்கு நான்கே நாள்.

"அலமாக்" என்று மலாயில் மெல்ல ஐயோ போட்டான் அண்ணன். ரீடை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இடிய எண்ணுனது போதலையா உனக்கு?" என்றான். அவன் கத்தியிருந்தால்கூடத் தேவலை.

நுனியில் பாரம் வைத்தால் சுருதி இறங்கும். மெழுகு வை என்றது புத்தகம். மெழுகுவத்திக்கு எங்கே போவது? வாசலைத் தாண்டினால் ரப்பர் மரம். அதிகம் வைத்துவிட்டால் பிய்த்தெடுக்கவும் செய்யலாம். ஊசி முனையில் ஒரு துளிப் பாலெடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நுனியில் வைத்தேன். நான்கு, இரண்டு, ஒன்று, அடங்கிவிட்டது. துள்ளிக்கொண்டு போய்ப் படுத்தேன்.

காலையில் அண்ணன் பெட்டியைத் திறந்து அழுத்தினான். மூன்று. பால் காய்ந்து தண்ணீர் போய்விட்டது, பாரமும் குறைந்துவிட்டது. பால்வெட்டுக்காரர்கள் வீட்டில் பிறந்தவளுக்கு இது தெரியவில்லை பாருங்கள்!

இந்த முறை வேண்டுமென்றே அதிகமாக வைத்தேன். சுருதி மற்ற ரீடுக்கும் கீழே இறங்கி, விம்மல் ஏழெட்டு வேகத்தில் படபடத்தது. அண்ணன் ஒரு கையால் துருத்தியை அசைத்துக்கொண்டே இருந்தான். நான் ஊதவில்லை, தொடவில்லை, எண்ணிக்கொண்டு மட்டும் இருந்தேன். பால் காயக் காய ஆறானது, நான்கானது. மத்தியானத்துக்குள் இரண்டு விநாடிக்கு ஒன்றாக, தூங்கும் குழந்தையின் மூச்சுப்போல ஆகிவிட்டது. இன்னும் கொஞ்சம் பிய்க்கலாமென்று ஊசியை எடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டான்.

"விடு. இது இருக்கட்டும். பாட்டுக்கு நல்லாருக்கு."

தீபாவளியன்று அவன் வாசித்தான். முதல் வரிசையில் காதர் பாய் கண்ணை மூடித் தலையாட்டினார். பெட்டிக்கு நேர்ந்ததை அண்ணன் அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

சண்டை முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியதும் பாய் பெட்டியோடு ஊருக்குப் போய்விட்டார். அண்ணன் சிங்கப்பூரில் துறைமுக வேலையில் இருக்கிறான். நாடகக் குழு கலைந்துவிட்டது. நாங்கள் மேடை போட்ட திடலின் இரு முனையிலும் இப்போது ஒலிபெருக்கி கட்டியிருக்கிறார்கள். ரேடியோவில் நிகழ்ச்சி தொடங்குமுன் ஒரே சுருதியில் ஒரு நீண்ட ஊளை வரும். இரண்டு குழாயிலிருந்தும் வரும் அலை ஒன்றையொன்று அடித்து, சத்தம் தேய்கிற இடங்கள் நடுவில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வகுப்பையே கூட்டிக்கொண்டு போய்க் குறுக்கே நடக்கப்போகிறேன். எங்கே தேயும் என்று முன்கூட்டி நான் வாய் திறக்கப்போவதில்லை. அந்தக் கடைசி பெஞ்சுக்காரிதான் முதலில் நடப்பாள்.