மணி அடிச்சேனா இல்லியா

மரியசெல்வத்துக்குக் கோபம் வருவது முகத்தில் தெரியாது, வலது குதிகாலில்தான் தெரியும். பதினேழு வருஷம் அவரோடு குடித்தனம் நடத்திய தேசம்மாவுக்கு அது அத்துப்படி. சோற்றில் கல் கடிபட்டால் தரையில் ஒரு தட்டு. பக்கத்துக் குடிசையில் எவனாவது விடாமல் மூக்குச் சிந்தினால் இரண்டு தட்டு. மூன்றாவது தட்டுக்கும் எரிச்சல் மூட்டிய ஆள் அடங்கவில்லை என்றால் கை நீண்டுவிடும்.

மரியசெல்வம் மயிலாப்பூர் டிராம் வண்டியின் டிரைவர். சாந்தோம் குப்பத்துக்காரர். அப்பாவோடு கட்டுமரம் ஏறிக்கொண்டிருந்தவர், பதினெட்டு வயதில் கடலை விட்டுவிட்டுக் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டார். கடலில் யாரும் குறுக்கே வந்ததில்லை. ஊருக்குள் வந்தால் எல்லாமே குறுக்கே வந்தது. மாடு, கூடைக்காரி, குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தின் நடுவில் கோர்ட்டுக் கச்சேரி விவகாரம் பேசும் வக்கீல் குமாஸ்தா. டிராமில் மணி காலடியில் இருக்கும். நின்றபடி குதிகாலால் மிதிக்க வேண்டும். பத்து மணி நேரம் மிதித்த கால், வீட்டுக்கு வந்தும் மிதித்தது.

கையில் ஒரு பித்தளைக் கைப்பிடி எப்போதும் இருக்கும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி அது. தடத்தின் கோடியில் வண்டி திரும்பாது. டிரைவர்தான் கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு வண்டியின் மறுமுனைக்கு நடக்க வேண்டும். நல்ல கனம். ஓடும் வண்டியில் விளையாட்டுக்கு மணிக்கயிற்றை இழுத்த ஒருவனின் முன்பல் இரண்டு அந்தக் கைப்பிடியால் போயிற்று. படிக்கட்டில் வெற்றிலை துப்பியவனைச் சட்டையைப் பிடித்து இறக்கி, துப்பியதை அவன் மேல்துண்டாலேயே துடைக்க வைத்தார். அடித்து முடித்ததும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"மணி அடிச்சேனா இல்லியா?"

அடித்திருப்பார். அதில் பொய் கிடையாது. சொல்லிவிட்டு அடிப்பதை அவர் நியாயம் என்றே நம்பினார்.

கல்யாணமான மூன்றாம் மாதம் சோப்பில் தலைமுடி ஒட்டியிருந்தது என்று தேசம்மாவை ஓர் அறை விட்டார். கம்மல் தெறித்து அடுப்புச் சாம்பலில் விழுந்தது. அவள் சாம்பலைத் துழாவிக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று கேட்டார்: "மணி அடிச்சேனா இல்லியா?" அதற்கு முன் கேட்ட தட்டல்தான் மணி என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. பிறகு இரண்டாம் தட்டுக்குள் விலகிக்கொள்ளப் பழகினாள். ஆனால் ஒரு கேள்வி அவளை விட்டுப் போகவில்லை. மணி அடித்துவிட்டால் அப்புறம் எல்லாம் சரியாகிவிடுமா?

விலகாத ஆள் ஒருவர்தான் இருந்தார். லஸ் முனையில் ஜட்கா ஓட்டும் நூர் முஹம்மது. தெருவெல்லாம் குண்டும் குழியுமாக இருக்கும். ஜட்காவின் ஒரு பக்கச் சக்கரத்தை டிராம் தண்டவாளத்தின் பள்ளத்தில் ஏற்றிவிட்டால் வண்டி குலுங்காமல் போகும். ஜட்காக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். மற்றவர்கள் முதல் மணிக்கே தண்டவாளத்தை விட்டு இறங்கிவிடுவார்கள். நூர் முஹம்மது மூன்றாவதுக்குத்தான் இறங்குவார், அதுவும் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு.

"இன்னா டிரைவரே, தண்டவாளம் உன் மாமியார் வூட்டுச் சீதனமா?"

"எறங்குடா சோமாரி! குதிரைக்கு அடிக்கிற லாடத்தை உன் மூஞ்சில அடிச்சுடுவேன்."

"அடி நைனா, நல்லா மணி அடி. என் குதிரை அந்தத் தாளத்துலதான் ஷோக்கா நடக்குது."

வீட்டுக்கு வந்து கஞ்சி குடிக்கும்போதும் இதே பேச்சுதான். "தொட்டில்ல போறாப்ல போறான் தேசம்மா. ஒரு ஆட்டம் இல்ல, ஒரு குலுக்கல் இல்ல. ஒரு நாள் இல்லாங்காட்டி ஒரு நாள் அவன் கையை ஒடிக்கப்போறேன்." குதிகால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

அந்தத் தொட்டில் என்ற சொல்தான் தேசம்மாவின் மனதில் நின்றது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துநாலாம் வருஷம் ஐப்பசி மாதம். மழையில் கச்சேரி ரோடு சேறும் பள்ளமுமாகக் கிடந்தது. தேசம்மாவுக்குக் காலையிலேயே வலி கண்டது. மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றாள். அவசரத்துக்குக் கிடைத்தது நூர் முஹம்மதுவின் ஜட்கா. முகம் மறைக்கும் கோஷாப் பெண்கள் ஏறும் வண்டி, அதனால் முன்னும் பின்னும் படுதா தொங்கியது. மருத்துவச்சியும் கூடவே ஏறிக்கொண்டாள்.

முதல் பள்ளத்திலேயே தேசம்மா அலறினாள். "பாய், தண்டவாளத்து மேல ஏத்து பாய்."

"அல்லா! இது உன் வூட்டுக்காரர் வண்டி வர்ற நேரம், தங்கச்சி. பாத்தார்னா என் தோலை உரிச்சுடுவாரு."

"நான் உள்ள கீறேன் பாய். நான் சொல்லிக்கிறேன். ஏத்து."

ஏற்றினார். குலுக்கல் நின்றது. தொட்டில்தான். மரியசெல்வம் சொன்னது நிஜம் என்று அந்த வலியிலும் அவள் நினைத்துக்கொண்டாள். வேகமாகப் போனால் சக்கரம் தண்டவாளப் பள்ளத்தை விட்டு எகிறும் என்று நூர் முஹம்மது குதிரையை நடக்கவிட்டார். நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் இருக்க மருத்துவச்சி அவள் வாயில் துணியைத் திணித்திருந்தாள்.

லஸ்ஸைத் தாண்டியதும் பின்னால் மணி கேட்டது. ஒன்று. எத்தனையோ பேர் ஓட்டும் டிராம்களில் இந்தக் குதிகாலை அவள் எங்கேயும் அடையாளம் சொல்லுவாள். இரண்டு. நூர் முஹம்மது திரும்பிக் கையை ஆட்டி ஏதோ சொல்வது படுதாவுக்கு அப்பால் கேட்டது. மரியசெல்வத்துக்கு அது வழக்கமான நையாண்டியாகத்தான் பட்டிருக்கும். மூன்று. தேசம்மா வாயிலிருந்த துணியைப் பிடுங்கினாள். அதற்குள் டிராம் கிரீச்சிட்டு நின்றது, ஓடிவரும் காலடி கேட்டது.

முதல் அடி தோளில். இரண்டாவது மணிக்கட்டில். காய்ந்த மட்டையை முறிப்பது போல ஒரு சத்தம். நூர் முஹம்மது கத்தவில்லை, மூச்சைத்தான் உள்ளே இழுத்தார். மூன்றாவது அடிக்குக் கைப்பிடி ஓங்கியபோது தேசம்மா படுதாவைக் கிழித்துக்கொண்டு தலையை நீட்டினாள்.

மரியசெல்வம் அவளைப் பார்த்தார். "மணி அடிச்..." என்று வாய் தானாகவே தொடங்கி, பாதியில் நின்றது.

"கண்ணு தெரியுதா இப்போ?" என்றார் நூர் முஹம்மது. கடிவாளத்தை இடது கைக்கு மாற்றினார். "கை ஒடைஞ்சா குதிரைக்கு இன்னா? ஹை!"

ஜட்கா தண்டவாளத்தை விட்டு இறங்கவில்லை. அதன் பின்னாலேயே டிராம் நடந்தது. உள்ளே இருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். "யோவ், மணியை மிதிய்யா! கச்சேரிக்கு நேரமாவுது!" ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் முனை வரைக்கும் அந்த மணி ஒரு தரம்கூட அடிக்கவில்லை.

குழந்தை பிழைத்தது. நூர் முஹம்மதுவின் மணிக்கட்டு கோணலாகக் கூடியது. விரல்கள் பாதிக்கு மேல் மடங்க மறுத்தன.

"மன்னிச்சுக்கோ பாய்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாயேன்" என்றாள் தேசம்மா. நான் சொல்லிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவள் அவள். அது அவளை அரித்தது.

"அது எப்பிடி மே சொல்றது? நான் மணி அடிச்சேனே" என்றார். அடம் பிடிக்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

பிறகு ஒரு நாள் லஸ் முனைக்குப் போய், ஜட்காக்காரர்கள் எல்லாரும் பார்க்க, கைப்பிடியை நூர் முஹம்மதுவிடம் நீட்டினார். "ரெண்டு அடி அடிச்சேன். நீயும் ரெண்டு அடி. எங்க வோணா அடி."

நூர் முஹம்மது தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். "மூட மாட்டேங்குது. எத்தைக்கொண்டு பிடிக்கிறது? ஆறட்டும். உன் ரெண்டு அடி எங்கிட்டயே கெடக்கட்டும்."

அதன்பின் ஒவ்வொரு வருஷமும், குழந்தை பிறந்த நாளில், மரியசெல்வம் போய்க் கைப்பிடியை நீட்டுவார். "இன்னும் ஆறல நைனா" என்று பதில் வரும். ஜட்காக்காரர்கள் சிரிப்பார்கள். மரியசெல்வம் சிரித்ததில்லை. அவர் திருந்திவிட்டார் என்று சொன்னால் அது பொய். மற்றவர்கள் மேல் கை நீண்டுகொண்டுதான் இருந்தது. படுதா போட்ட ஜட்கா முன்னால் போனால் மட்டும் குதிகால் அசையாது.

முப்பத்தாறாம் வருஷம் ஊரில் பஸ்கள் பெருத்துவிட்டன. ரப்பர் குண்டை அமுக்கும் அந்த ஹாரன் சத்தம் அவருக்குக் கட்டோடு பிடிக்கவில்லை. "நாய் கொலைக்கிறாப்ல" என்பார். ஆவணியில் ஒரு மழை நாள், வேலை முடிந்து கைப்பிடியோடு லஸ்ஸில் சாலையைக் கடந்துகொண்டிருந்தார். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அவர் நின்றார். மறுபடி இரண்டு தரம் அடித்தது. நகரவில்லை. குதிகாலால் ஈரச் சாலையை மூன்று தரம் தட்டிவிட்டு, கைப்பிடியை ஓங்கிக்கொண்டு திரும்பினார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பஸ் சேற்றில் வழுக்கி அவர் மேல் ஏறியது. சக்கரத்துக்கு அடியிலிருந்து எடுக்கும்போது உயிர் இல்லை.

போலீஸ் ஸ்டேஷனில் பஸ் டிரைவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தேசம்மாவைப் பார்த்ததும் எழுந்தான். "மூணு வாட்டி ஹாரன் அடிச்சேம்மா. பாத்தவங்களைக் கேட்டுப் பாரு. அடிச்சேனா இல்லியா?"

அவள் அவனை ஓங்கி ஓர் அறை விட்டாள். எந்த மணியும் அடிக்கவில்லை. உள்ளங்கை எரிந்தது. மணி அடித்துவிட்டால் எல்லாம் சரியா என்ற பதினேழு வருஷக் கேள்விக்கு அந்த எரிச்சலில் பாதி பதில் இருந்தது போல அவளுக்குப் பட்டது.

சாந்தோம் கல்லறைத் தோட்டத்துக்கு நூர் முஹம்மது வந்திருந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது. எல்லாரும் மண் போட்டுவிட்டு நகர்ந்த பிறகு குழிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாய்," என்றாள் தேசம்மா, "மன்னிச்சுட்டேன்னு சொல்லிடு. அன்னிக்கு நான் சொல்லிக்கிறேன்னு சொன்னேன். இன்னிக்கு நான் கேக்கறேன்."

"நீ இன்னா பண்ணே தங்கச்சி, நீ எதுக்குக் கேக்கறே?" என்றார் அவர். "அவன் கேக்கலியே."

குனிந்து வலது கையால் மண்ணை அள்ளப் பார்த்தார். விரல்கள் பாதியில் நின்றன, மண் இடுக்கு வழியே ஒழுகியது. இடது கையால் அள்ளிப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ரெண்டு அடி பாக்கி கீது," என்று குழியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஜட்காவை நோக்கி நடந்தார்.